கெட்டிமேளத்துக்கு நடுவில் நெஞ்சை அமுக்கியது

இருந்தவர்கள்

மணவறைக்கு முன்னால் பொம்பிளையின் பெரியப்பா விழுந்தபோது அந்த இடத்தில் இருந்தவர்கள் இவர்கள். விழுந்தவரின் தம்பியும் பொம்பிளையின் தகப்பனுமான நடராசா, உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவர். மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்த ஐயர். தலைப்பாவோடு மணவறையில் இருந்த மாப்பிளை. அவர் எழும்பிவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த தோழன். தவில் இரண்டு, நாதஸ்வரம் இரண்டு என்று மேளச் செற் ஒன்று. வீடியோக்காரர் ஒருவர். முன்வரிசைக் கதிரையில் சரசு மாமி, பொம்பிளை வீட்டில் எந்த முடிவையும் எடுப்பவர். அவருக்குப் பின்னால் துணுக்காயிலிருந்து வான் பிடித்து வந்த சொந்தக்காரர் பதினொரு பேர். கடைசியாக நான், மண்டபப் பொறுப்பாளர், பெயர் குணம். பொம்பிளை அங்கே இல்லை. கூறைச் சேலை மாற்ற அறைக்குள் போயிருந்தார்.

இவ்வளவு பேரிலும் முதலுதவி படித்தவன் நான் ஒருவன்தான். பெரியப்பாவின் கெட்ட காலம் எவ்வளவு என்று இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

பயந்தவனைப் பிடித்து அனுப்பியது

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் முதலில் இடம்பெயர்ந்தது, நான் பிறகு. இருவரும் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. பயப்படுவதில் மட்டும் நான் பட்டம் வரைக்கும் படித்தவன். கிளிநொச்சியில் இந்தக் கலியாண மண்டபத்துக்குப் பொறுப்பாக வந்த நாளிலிருந்து, காஸ் சிலிண்டர் வெடிக்கும், அலங்கார விளக்கு மாப்பிளையின் தலையில் விழும், ஜெனறேற்றர் அறைக்குள் சின்னப் பிள்ளை போகும் என்று ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முதல்நாள் நினைத்து முடித்துவிடுவேன். மறுநாள் ஒன்றும் நடக்காவிட்டால் அது இன்னும் பயமாக இருக்கும்.

மண்டபத்தில் முதலுதவி தெரிந்தவர் ஒருவர் இருக்கவேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"எங்கட மண்டபத்தில ஒண்டும் நடக்காது. எண்டாலும் ஒருத்தரிட்டை சேர்ட்டிபிக்கட் இருக்கவேணுமாம். நெடுகப் பயந்துகொண்டு திரியிற ஆள் நீர்தானே, நீர் போம்."

இப்படியாக என் தகுதி முடிவு செய்யப்பட்டது.

வகுப்பு எடுத்தவர் ஒரு தாதி. எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். தரையில் ஒரு அரை உடம்புப் பொம்மையை வைத்திருந்தார். அதற்குக் கை இல்லை, கால் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. அதனால்தான் அதற்கு முதலுதவி செய்வது அவ்வளவு சுகமாக இருந்தது.

"ஆள் கூப்பிட எழும்பேல்லை, மூச்சுச் சரியா இல்லை எண்டா வேற ஒண்டும் யோசிக்காதையுங்கோ. அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லிப்போட்டு நெஞ்சுக்கு நடுவில உள்ளங்கையின்ர அடிப்பக்கத்தை வைச்சு அமுக்குங்கோ. கைமுட்டி மடியக்கூடாது" என்றார். நான் அமுக்கினேன்.

"அண்ணை, நீங்கள் அதுக்குத் தைலம் பூசுறியள். அஞ்சு சென்ரிமீற்றராவது இறங்கவேணும். நிமிசத்துக்கு நூறுக்கு மேல, நூற்றிருபதுக்குள்ள. ஒவ்வொரு தரமும் நெஞ்சு திரும்ப மேல வர விடுங்கோ."

"விலா எலும்பு முறிஞ்சா மிஸ்?"

"முறிஞ்சது பொருந்தும். நிண்ட இதயம் சும்மா விட்டா ஓடாது."

"என்னில கேஸ் போட்டா?"

"செத்த ஆள் போடமாட்டார், பிழைச்ச ஆள் போட்டா நல்லதுதானே" என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்றைக்கு முழுக்க அந்த வழக்கைப் பற்றித்தான் யோசித்தேன்.

சேர்ட்டிபிக்கட் வந்ததும் முதலாளி அதைப் பிரேம் போட்டு, என் படத்தையும் ஒட்டி, மண்டப வாசலில் மாட்டினார். அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக வேலை வந்தது. எங்கள் சமையல்காரர் மாரிமுத்து அண்ணன் கையில் ஒருநாள் கொதி எண்ணெய் கொட்டியது. நான் ஓடிப் போவதற்குள் பற்பசை ஒரு ரியூப் முழுக்கப் பூசி, கைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். அதைக் கழுவிவிட்டுக் குழாய்த் தண்ணீருக்குக் கீழே கையைப் பிடித்தேன். இருபது நிமிடமாவது பிடிக்கவேண்டும்.

"பல்லுக்கு நல்லதுன்னா கைக்கு ஆகாதா தம்பி?" என்றார் அவர்.

"அப்ப நாளைக்கு எரிகாயத்துக்குப் பூசுற பேர்னோலைப் பல்லுக்குப் பூசுங்கோ" என்றேன்.

இன்னொரு தரம் போட்டோ எடுக்க வெயிலில் நிறுத்தி வைத்த மாப்பிளைத் தோழன் ஒருவர் மயங்கினார். அவரைச் சுற்றி இருபது பேர், ஆளுக்கொரு சோடாப் போத்தலோடு. மயங்கியவரின் வாயில் சோடா ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் என்று சொல்லி, அவரைப் படுக்கவைத்து, காலை ஒரு கதிரையில் தூக்கி வைத்தேன். சபையில் காலைத் தூக்கிவைப்பது மரியாதை இல்லை என்று ஒருவர் என்னைப் பேசினார். தோழன் எழும்பி, அந்தச் சோடாக்களில் ஒன்றைத் தானே வாங்கிக் குடித்தார். அத்தோடு நான் கெட்டிக்காரன் என்ற பெயர் வந்தது. பெயர் வந்தால் பயம் இன்னும் கூடும்.

குறட்டை

பெரியப்பாவின் பெயர் தம்பிராசா. பார்த்தால் அறுபது அறுபத்தைந்து இருக்கும். வாழ்த்தி எறிகிற அறுகரிசித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தவர், அப்படியே சரிந்து கம்பளத்தில் விழுந்தார். அரிசி எல்லாம் சிதறியது. நான் தூண் அருகில் நின்று ஃபான் கழன்று விழுமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன். சத்தம் கேட்டுக் குனிந்தேன்.

தோளில் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. முகம் சாம்பல் நிறம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் வாயைத் திறந்து கொர்ர் என்று ஒரு இழுப்பு.

"ஒண்டுமில்லை, ராத்திரி பலகாரம் சுடுற இடத்தில நிண்டு நித்திரையில்லை. குறட்டை விடுறார் பாருங்கோ. தலையாணை ஒண்டு கொண்டுவாங்கோ" என்றார் சரசு மாமி.

இதைக் கவனமாக வாசியுங்கள், மண்டப வேலைக்கு வருகிற பிள்ளைகளே. விழுந்தவர் விடும் அந்தக் குறட்டை குறட்டை அல்ல. இதயம் நின்றவர் சில நிமிடத்துக்கு அப்படி இழுப்பார். அதை மூச்சு என்று நம்பிக் காத்திருந்தால் அதுவும் நின்றுவிடும். மிஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எனக்கு இது தெரியும். தெரிந்தும், மிஸ் எங்கேயாவது நிற்கிறாரா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

துணுக்காய்க்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். "வலிப்புப் போல கிடக்கு, இரும்பு குடுங்கோ" என்று பக்கத்தில் நின்றவரின் சட்டைப்பையிலிருந்து திறப்புச் சாவியை எடுத்துப் பெரியப்பாவின் உள்ளங்கையில் திணித்தார். வலிப்புக்கு இரும்பு கொடுத்து எந்தப் பிரயோசனமும் இல்லை. இது வலிப்பும் இல்லை. போதாக்குறைக்கு அது அவர்கள் வந்த ஹையஸ் வானின் திறப்பு, முக்கால்வாசி பிளாஸ்டிக்.

"அம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு என் போனிலேயே அடித்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன்.

பின்கதவு

வெளியூர் வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நெருங்கிய உறவில் சாவு விழுந்தால் அந்தக் குடும்பத்துக்குத் துடக்கு. துடக்கோடு நல்ல காரியம் செய்வதில்லை. செத்தது தகப்பனின் கூடப்பிறந்த அண்ணன் என்றால் தாலி மணவறையிலேயே கிடக்கவேண்டியதுதான். கூறை மாற்றப் போன பொம்பிளை திரும்பி வந்து தாலி ஏறுவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நடராசா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். மணவறையைப் பார்த்தார். மகள் போன அறையின் கதவைப் பார்த்தார். அந்த மனுசனின் கண் மூன்று இடத்துக்கும் ஓடி ஓடி வந்ததை நான் பார்த்தேன்.

"அண்ணையைப் பின்கதவால கொண்டு போங்கோ. வானில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. சனத்துக்குத் தெரியக்கூடாது. உள்ள பிள்ளைக்குத் தெரியவே கூடாது" என்றார்.

"ஓம், இஞ்சை வைச்சிருக்கக்கூடாது" என்றார் சரசு மாமி. "தாலி ஏறுமட்டும் ஆள் இருக்கிறார். அதுக்குப் பிறகு பாப்பம்."

ஆள் இருப்பதையும் இல்லாததையும் சரசு மாமி நேரம் வைத்து நடத்தப் பார்த்தார். நாலு பேர் பெரியப்பாவைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. கதிரையோடு தூக்கிக் குசினிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

"இறக்குங்கோ. இருந்தபடி அமுக்கேலாது. படுக்க விடவேணும்" என்றேன்.

"மண்டபக்காரர், நீர் பந்தியைப் பாரும்" என்றார் நடராசா.

நான் வீரன் இல்லை. என் வாய் "சரி அண்ணை" என்றே சொன்னது. ஆனால் அதே நேரம் என் மனம் தன் வழக்கப்படி மோசமான பக்கத்துக்கு ஓடியது. குசினிக்குப் போகிற ஒடுங்கிய ஓடையில் காஸ் சிலிண்டருக்கும் சோற்றுக் கிடாரத்துக்கும் நடுவில் இந்த ஆள் முடிந்துபோகிறார். வாசலால் வெளியே போகிற சனம் முழுக்கப் பிரேம் போட்ட என் படத்தைப் பார்த்துக்கொண்டு போகிறது. அதன் கீழே முதலுதவி அலுவலர் என்று எழுதியிருக்கிறது. அந்தப் படத்தை நினைத்த பயத்தில் நான் குனிந்து கதிரையின் பின்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் இழுத்தார்கள், நான் விடவில்லை. கால் மளுக்கென்று முறிந்தது. பெரியப்பா என்மேல் சரிந்து, மெல்லக் கம்பளத்துக்கு வந்துவிட்டார். தூக்கி வந்ததெல்லாம் சேர்த்து ஆறேழு அடிதான்.

"சரி, வானை எண்டாலும் எடுத்து முன்னுக்கு விடுங்கோ" என்று ஒருவர் கத்தினார். திறப்பைத் தேடினார்கள். ஆளுக்காள் பையைத் தட்டினார்கள். அது பெரியப்பாவின் கையிலிருந்து நழுவி அறுகரிசிக்குள் கிடந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரும்பு வைத்தியத்தால் ஒரு நோயாளிக்கு நன்மை நடந்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

இந்தக் கலவரத்துக்குள் ஐயர் மணவறையிலிருந்து கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. ஏனென்றால் அதற்குள் சரசு மாமி கையை உயர்த்தி மேளக்காரருக்குச் சைகை காட்டிவிட்டார்.

மேளம்

மணவறைக்குப் பக்கத்தில் அபசகுனமாக ஏதும் சத்தம் வந்தால் கெட்டிமேளம் கொட்டி அதை அமத்துவது எங்கள் வழக்கம். தும்மலுக்குச் சரி. ஒரு மனுசன் இதயம் நின்று கிடக்கும்போது அவருக்கு மூன்றடி தள்ளி இரண்டு தவிலும் இரண்டு நாதஸ்வரமும் முழங்கினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் கையை வைத்து அமுக்கத் தொடங்கினேன். போனில் அம்புலன்ஸ் நிலையத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டது அரைகுறையாக வந்தது.

"அண்ணா, மூச்சு இருக்கா?"

"இல்லை. அமுக்கிறன்."

"அங்க என்ன சத்தம்?"

"கலியாணம், தங்கச்சி."

அதையும் அவள் எங்கோ பதிந்திருக்கவேண்டும். பிறகு, "சத்தமா எண்ணிக்கொண்டு அமுக்குங்கோ, எனக்குக் கேக்கவேணும்" என்றாள்.

எண்ணினேன். அப்போதுதான் பிழை நடந்தது. கெட்டிமேளம் காதுக்குள் அடிக்கும்போது கை தன் பாட்டில் அதன் வேகத்துக்குப் போய்விடும். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அறுகரிசி எறிந்து பழகிய கை. நான் தவிலோடு போட்டி போட்டுக்கொண்டு குத்தினேன்.

"அண்ணா, கூடின வேகம். நீங்கள் நெஞ்சை மேல வர விடுறியள் இல்லை. அப்பிடி அமுக்கினா ரத்தம் உள்ள வராது. ஆறுதலா, ஆழமா."

"மேளம் விடுகுதில்லை தங்கச்சி."

"அப்ப மேளத்தை நிப்பாட்டுங்கோ."

கலியாண வீட்டில் மேளத்தை நிறுத்து என்று சொல்ல எவனுக்கு வாய் வரும். எனக்கு வரவில்லை. ஆனால் கை சோர்ந்துவிட்டது. சோர்ந்த கை ஆழமாக அமுக்காது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாறவேண்டும் என்பது பாடம். சுற்றிப் பார்த்தேன். சொந்தக்காரர் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். மிஞ்சியது, தவில் அடித்துக்கொண்டே என்னையே பார்த்துக்கொண்டிருந்த கபிலன். இருபத்தைந்து வயது, கை இரண்டும் உலக்கை.

"தம்பி, தவிலை வைச்சிட்டு வாரும்" என்றேன்.

அவன் சரசு மாமியைப் பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். வாரைக் கழுத்தால் கழற்றித் தவிலைக் கீழே வைத்துவிட்டு வந்தான். விரல்களில் தவிலுக்குப் போடும் கூடுகளோடேயே, நான் காட்டிய இடத்தில் கையை வைத்தான். ஒரு தவில் நின்றதும் மற்றத் தவில் தடுமாறி நின்றது. நாதஸ்வரம் இரண்டும் மூச்சை விட்டன.

மண்டபம் அமைதியானது. போனில் அந்தப் பிள்ளை எண்ணுகிற சத்தம் இப்போது எல்லோருக்கும் கேட்டது. கபிலன் அதற்குச் சரியாக அமுக்கினான். அந்த அமைதியில்தான் ஐயரின் குரலும் கேட்டது.

"இவ்வளவு நேரமும் அதைத்தானே சொல்லுறன். காப்புக் கட்டியாச்சு. இனி ஒரு துடக்கும் பிடிக்காது. ஆளைப் பாருங்கோ முதல்."

சாத்திரம் தெரிந்த ஒரே ஆளைச் சாத்திரத்துக்குப் பயந்து மேளம் அடித்து வாயடைத்து வைத்திருந்தோம்.

அதே நேரம் நடராசாவின் போன் அடித்தது. கனடா. தம்பிராசாவின் மூத்த மகன். எங்கள் வீடியோக்காரர் கலியாணத்தை நேரலையாக விட்டுக்கொண்டிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். பின்கதவால் மறைக்கப் பார்த்ததை அங்கே வீட்டோடு இருந்து பெரிய திரையில் பார்த்திருக்கிறார்கள். நடராசா பதற்றத்தில் போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் அமத்திவிட்டார்.

"சித்தப்பா, ஏன் அப்பாவில ஏறி இருந்து குத்துறாங்கள்? அப்பாவுக்கு என்ன?"

நடராசா வீடியோக்காரரின் கமராவைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "தம்பி, அப்பாவுக்கு மூச்சு நிண்டிட்டு. எழுப்பிறாங்கள்" என்றார்.

"விடாதையுங்கோ சித்தப்பா. அவையளைச் செய்ய விடுங்கோ."

நடராசா போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பட்டு வேட்டியோடு முழங்காலில் இருந்தார். அண்ணனின் தலைமாட்டில் கிடந்த அரிசியைக் கையால் ஒதுக்கினார்.

"ஐயா, பிள்ளையை இப்ப கூப்பிடாதையுங்கோ. நேரம் போனாலும் போகட்டும்" என்றார். சரசு மாமி ஏதோ சொல்ல வந்தார். "மாமி, நீங்கள் இருங்கோ" என்று அவர் சொன்னது அந்தக் குடும்பத்தில் முதல்தரமாக இருக்கவேண்டும். மாமி இருந்தார்.

கபிலன் சோர்ந்ததும் நான், நான் சோர்ந்ததும் கபிலன். ஒரு தரம் என் கைக்குக் கீழே ஏதோ மளுக்கென்றது. நான் வழக்கை நினைத்தேன், ஆனால் நிறுத்தவில்லை. அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் நெஞ்சில் இரண்டு தகடு ஒட்டி, எல்லோரையும் விலகச் சொல்லி, ஷொக் கொடுத்தார்கள். உடம்பு ஒரு தரம் துள்ளியது. பிறகும் அமுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பிராசா அண்ணன் முனகினார். இதைவிட நல்ல சங்கீதத்தை எந்த மேளச் செற்றும் வாசித்து நான் கேட்டதில்லை.

அவரை ஏற்றிக்கொண்டு முன்வாசலால்தான் போனார்கள்.

"நேரம் இன்னும் கிடக்கு" என்றார் ஐயர். ஐயர்மார் முகூர்த்தத்தில் எப்போதும் கொஞ்சம் பதுக்கி வைத்திருப்பார்கள். கூறையோடு வந்த பிள்ளை, "பெரியப்பா எங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். தகப்பன் உள்ளதைச் சொன்னார். அவள் கொஞ்சம் அழுதாள், கண்ணைத் துடைத்துவிட்டு மணவறையில் இருந்தாள், தாலி ஏறியது. கபிலன் விரல் கூடு ஒன்று தொலைந்த நிலையில் கெட்டிமேளம் அடித்தான். அது எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது.

பிறகு

யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, இதயக் குழாயில் ஏதோ சுருள் வைத்து, தம்பிராசா அண்ணனைப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்ததற்கான பெருமை முறைப்படி பங்கிடப்பட்டது. சரசு மாமி தான் வைத்த நேர்த்திக்கடன் என்றார். துணுக்காய்க்காரர் இரும்பு என்றார். முதலாளி மண்டபத்தின் வாஸ்து என்றார். என் பங்குக்கு, முறிந்த விலா எலும்பு இரண்டும் முறிந்த கதிரை ஒன்றும் வந்தன.

"இருமினா இன்னும் நோகுது, தெரியுமோ" என்று தம்பிராசா அண்ணன் என்னைக் காணும்போதெல்லாம் சொல்லுவார். இருமுவதற்கு ஆள் இருக்கிறார் என்பது அவருக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை.

மண்டப வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் விழுந்த இடத்திலேயே அமுக்குங்கள். கதிரையில் தூக்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்திக் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் அம்புலன்சுக்கு அடிக்கட்டும், ஒருவர் வாசலில் நின்று வழி காட்டட்டும். பொம்மையில் பழகும்போது நாலு பேரைச் சுற்றி நின்று கத்தச் சொல்லுங்கள், ஒருவரை மேளம் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் அமைதியில் பழகியது இங்கே உதவாது. கை நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கும் கையும் ஐந்து சென்ரிமீற்றர் இறங்கும், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தை மாதம் வேறொரு கலியாணத்துக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருந்தது. நடராசா கை கழுவப் போகிறவர் மாதிரி வந்து, குசினி ஓடையில் நின்ற எனக்குப் பக்கத்தில் நின்றார். பின்கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"குணம், அண்டைக்கு நான்தானே இதால கொண்டு போகச் சொன்னனான்."

"ஓம் அண்ணை."

"நீர் கதிரையை விட்டிருந்தா, அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரோ?"

எதையும் மோசமாகவே யோசித்து வைத்திருக்கிறவன் நான். வானுக்குத் திறப்பு கிடைத்திருந்தால் எந்தச் சந்தியில் என்ன நடந்திருக்கும் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். கேட்டவருக்கு மட்டும் இல்லாமல் கேளாதவருக்கும் இதையெல்லாம் சொல்லுகிற பழக்கம் எனக்கு உண்டு.

"உங்கட அண்ணை தனிய இருந்து சாப்பிடுறார். பக்கத்தில போய் இருங்கோ. பாயாசம் முடியப் போகுது" என்றேன்.